தொண்ணூறு நாள் செய்தி

1979-இல் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் அத்திமரப் பெருமாளான அத்திவரதர் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளியபோது, சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கி நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அடுத்த முறை அவர் வெளியே வந்தது 2019 ஜூலை 1-ஆம் தேதி. ஜூலை முடியும்வரை சயனக் கோலம், ஆகஸ்ட் 1 முதல் 17 வரை நின்ற கோலம் என 48 நாள் வைபவம். சுமார் ஒரு கோடிப் பேர் வந்து போனதாகக் கணக்குச் சொன்னார்கள். கூட்ட நெரிசல், வி.ஐ.பி. வரிசை, குடியரசுத் தலைவரின் வருகை எல்லாம் அன்றன்றே வீட்டுத் திரைக்கு வந்தன. ஜூலை 18 அன்று நெரிசலில் நால்வர் இறந்ததும் அப்படித்தான் தெரிந்தது. ஒரு தரிசனத்துக்கும் அடுத்த தரிசனத்துக்கும் இடைப்பட்ட 40 ஆண்டுகளில் தமிழ்த் தொலைக்காட்சியின் வரலாறு ஏறக்குறைய முழுதும் அடங்கிவிடுகிறது.

இந்த நாற்பது ஆண்டில் காஞ்சிபுரத்தின் செய்தியை யார் சொன்னார்கள், எதைச் சொன்னார்கள், சொன்னது இப்போது எங்கே இருக்கிறது? மூன்றாவது கேள்விதான் என்னை இந்த ஆய்வுக்குள் இழுத்தது.

முதலில் சென்னையிலிருந்து வந்த அலை. டெல்லியில் 1959 செப்டம்பர் 15 அன்று சோதனையாகத் தொடங்கிய தொலைக்காட்சி, 1972-இல் பம்பாய்க்கும் 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைக்கும் வந்தது. நெருக்கடி நிலை அறிவித்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம் அது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்தது. அரசின் குரலாகவே தொலைக்காட்சி பிறந்தது என்பதை மறந்துவிட்டு அதன் செய்திப் பிரிவைப் புரிந்துகொள்ள முடியாது. 1976 ஏப்ரல் 1 முதல் அது அகில இந்திய வானொலியிலிருந்து பிரிந்து தூர்தர்ஷன் என்ற தனி அமைப்பானது. ஆனாலும் செய்தி எழுதும் முறை, வாசிக்கும் தொனி, எது செய்தி என்ற எண்ணம் மூன்றும் வானொலியிடமிருந்து வந்தவையாகவே நெடுங்காலம் இருந்தன.

சுவாமி சிவானந்தா சாலையிலிருந்து கிளம்பிய அலை, 75 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காஞ்சிபுரத்துக்கு வரும்போது மெலிந்துவிடும். உயரமான கம்பம் நட்டு, ஆன்டெனாவைச் சென்னைப் பக்கம் திருப்பி, பூஸ்டர் வைத்தால் படம் தெளியும். இருந்தாலும் காஞ்சிபுரம் கொடுத்துவைத்த ஊர்தான். 1987-இல் கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம் வரும்வரை தென் மாவட்டங்கள் பலவற்றுக்குச் சென்னைத் தொலைக்காட்சியே எட்டவில்லை. கடலோரத்தில் இருந்தவர்கள் 1982-இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காலத்துச் செய்தியை நினைத்தால் முகங்கள் நினைவுக்கு வருகின்றன. ஷோபனா ரவி, வரதராஜன், பாத்திமா பாபு, கவிஞர் ஈரோடு தமிழன்பன் ஆகியோர் நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் முழுசாக உச்சரித்து வாசித்தார்கள். ஒரு மாநிலத்துக்கே பொதுவான செய்தித் தமிழ் காதில் படிந்தது அவர்களால்தான். இதைப் பெரிய கொடையாகவே கருதுகிறேன். ஆனால் வாசித்த செய்தியில் ஊர் எவ்வளவு இருந்தது? பிரதமர், ஆளுநர், முதல்வர், அமைச்சர் அடிக்கல் நாட்டியது, வானிலை என்று போகும் அறிக்கையில், ஒரு மாவட்டத் தலைநகருக்கு இடம் கிடைக்க வேண்டுமானால் அங்கே ஓர் அமைச்சராவது வர வேண்டும். காஞ்சிபுரத்துக்கு இன்னும் இரண்டு வாசல்கள் இருந்தன: கோயிலும் பட்டும். கருடசேவைக்கு ஒரு காட்சி, தீபாவளி நெருங்கினால் தறியில் பட்டுப்புடவை நெய்யும் ஒரு காட்சி. தறியின் முன்னால் இருப்பவர் தலை குனிந்திருப்பார். அவர் பேசிக் கேட்பது அரிது.

இத்தனைக்கும் செய்திக்குப் புதிய ஊரில்லை இது. 1942-இல் அண்ணா ‘திராவிட நாடு’ வார இதழைக் காஞ்சிபுரத்திலிருந்துதான் கொண்டுவந்தார். பின்னாளில் ‘காஞ்சி’ என்ற பெயரிலேயே ஓர் இதழ் நடத்தினார். ஊரின் அச்சகத்தில் அச்சாகி மாநிலம் முழுக்கப் போன எழுத்து அது. அவர் மறைந்தது 1969 பிப்ரவரியில், சென்னைக்குத் தொலைக்காட்சி வருவதற்கு ஆறு ஆண்டு முன்னால். எழுத்தாலும் மேடைப் பேச்சாலும் சினிமாவாலும் தமிழ்நாட்டை மாற்றியவர், தொலைக்காட்சி என்ற கருவியைக் கையாளும் வாய்ப்பே இல்லாமல் போனார். அச்சில் ஊரிலிருந்து மாநிலத்துக்குப் போன செய்தி, அலையில் மாநிலத் தலைநகரிலிருந்து ஊருக்கு இறங்கியது. திசையே மாறிவிட்டது.

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தபின் சேனல்கள் பெருகின. ஆனால் திசை திரும்பவில்லை. ராஜ், விஜய், ஜெயா, பிறகு 24 மணி நேரச் செய்திச் சேனல்கள், 2011 ஆகஸ்டில் புதிய தலைமுறை என்று செய்திக்கான நேரம் பன்மடங்கானது. கேமராக்கள் முன்னைவிட வேகமாக ஊருக்கு வந்தன, வேகமாகவே திரும்பியும் போயின.

2004 இதற்குச் சரியான சான்று. அந்த ஆண்டு செப்டம்பர் 3 அன்று வரதராஜப் பெருமாள் கோயில் வளாகத்தில் கோயில் மேலாளர் சங்கரராமன் கொலை செய்யப்பட்டார். தீபாவளியன்று, நவம்பர் 11 இரவில், காஞ்சி மடத்தின் தலைவர் ஜெயேந்திர சரஸ்வதி அந்தக் கொலை வழக்கில் ஆந்திரத்தில் கைதானார். அதன்பின் பல வாரங்களுக்கு நாட்டின் பெரும்பாலான செய்திச் சேனல்கள் காஞ்சிபுரத்திலேயே இருந்தன என்று சொல்லலாம். உச்ச நீதிமன்றம் 2005-இல் வழக்கைப் புதுச்சேரிக்கு மாற்றியது. 2013 நவம்பர் 27 அன்று, குற்றம் சாட்டப்பட்டு விசாரணையை எதிர்கொண்ட அனைவரும் விடுவிக்கப்பட்டனர். கைதுக்குக் கிடைத்த நாள்கணக்கான ஒளிபரப்பு தீர்ப்புக்குக் கிடைக்கவில்லை. ஒரு மனிதர் கொல்லப்பட்டார், கொன்றவர் யார் என்பது நீதிமன்றத்தில் நிறுவப்படவில்லை. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு வாழ வேண்டியவர்கள் ஊர்க்காரர்கள். வெளியிலிருந்து வந்த கேமராவுக்கு அந்தக் கடமை கிடையாது.

ஊர்க்காரரின் கேமரா வேறொரு வழியில் வந்தது. தமிழ்நாட்டு நகரங்கள் பலவற்றிலும் கதை ஒன்றுபோலத்தான் இருக்கும். 1980-களின் நடுவில் ஒருவர் வி.சி.ஆர். வாங்கி, ஒரு தெருவுக்கு ஒயர் இழுத்து, மாதக் கட்டணத்துக்குப் படம் போட்டார். 1991 வளைகுடாப் போருக்குப் பிறகு மொட்டைமாடிகளில் டிஷ் ஆன்டெனா ஏறியது. வெளிச் சேனல்களைப் பிடித்து வீட்டுக்கு அனுப்பும் கேபிள்காரரிடம் எப்போதும் ஓர் அலைவரிசை மிச்சம் இருக்கும். அதில் பகலில் பழைய படம் போடுவார். பிறகு கீழே எழுத்து ஓடத் தொடங்கியது: பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, நாளை மின்தடை, வீடு வாடகைக்கு. அடுத்து கல்யாண வீடியோ எடுப்பவரின் கேமரா கோயில் திருவிழாவுக்குப் போனது. அங்கிருந்து நகராட்சிக் கூட்டத்துக்குப் போனபோது ஊருக்குச் செய்தி நிலையம் பிறந்துவிட்டது. இப்படிச் சிறிதாகத் தொடங்கியவற்றில் ஒரு சிலதான் பெரிதாயின. சேலத்தில் கேபிள் தொழிலிலிருந்து கிளம்பிய பாலிமர், மாநிலச் சேனலானது. மற்றவை தத்தம் ஊரிலேயே நின்றன.

உள்ளூர் செய்தி அறிக்கை எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். அரைமணி நேரம். பின்னால் கோபுரப் படம், முன்னால் ஒரு மேஜை. முதலில் ஆட்சியர் அலுவலக மனுநீதி நாள், அதில் பட்டா கேட்டு வந்தவர்களின் வரிசை. அடுத்து ஒரு வார்டில் கழிவுநீர் அடைப்பு. கேமரா ஒரு வீட்டு வாசலில் போய் நிற்கும். அந்த வீட்டம்மா ‘எத்தனை தடவைதான் சொல்றது’ என்று நேரே நம்மைப் பார்த்துக் கேட்பார். யாரும் வெட்ட மாட்டார்கள், இரண்டு நிமிடம் முழுசாகப் பேசுவார். ஏரியில் மண் எடுத்த லாரி பிடிபட்டது, ஒரு பள்ளியின் ஆண்டு விழா, வெள்ளி விலை. நடுவில் பட்டுக்கடை விளம்பரம். மாநிலச் சேனலில் அந்த அம்மாவுக்கு ஆறு விநாடி கிடைத்தாலே அதிகம். இரண்டு நிமிடம் ஒருவர் தடங்கலின்றிப் பேசுவதைக் காட்டும் தொலைக்காட்சி இன்று வேறு எங்கும் இல்லை என்பதால், படம் ஆடினாலும் ஒலி தெளிவில்லாவிட்டாலும் இந்தச் செய்தியை நான் மதிக்கிறேன்.

வெள்ளி விலை அங்கே ஒப்புக்கு வருவதில்லை. ஜரிகை என்பது வெள்ளிக் கம்பியைப் பட்டு இழையில் சுற்றித் தங்கம் பூசியது. வெள்ளி ஏறினால் ஜரிகை ஏறும், ஜரிகை ஏறினால் புடவை விற்பனை சுணங்கும், விற்பனை சுணங்கினால் பாவு கிடைப்பது தாமதமாகும். நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர் ஒருவருக்கு அந்த ஒற்றை எண் அடுத்த மாதத்து வருமானம். அவர் அதைப் பார்ப்பதில்லை, கேட்கிறார். கண் பாவின் மேல் இருக்க வேண்டும், கை நாடாவை எறிய வேண்டும், கால் மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். உடலையும் கரையையும் கோக்கும் கோர்வைப் புடவையென்றால் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து மூன்றாவது நாடாவைக் கவனிக்க வேண்டும். நெசவாளர் வீட்டில் தொலைக்காட்சி பெரும்பாலும் வானொலியாகத்தான் வேலை செய்கிறது. அவர்களுக்காகச் செய்தி எழுதுபவர்கள் படத்தைவிடச் சொல்லுக்குத்தான் கவனம் கொடுக்க வேண்டும்.

உள்ளூர் செய்தி எங்கே வாயை மூடிக்கொள்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் குறிப்பிட்ட வகைத் துணிகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்கிறது. பட்டுப்புடவையும் அதில் உண்டு. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இருந்தும் விசைத்தறிப் புடவையும் போலி ஜரிகையும் காஞ்சிபுரம் என்ற பெயரில் விற்கப்படுவது ஊரறிந்த விஷயம். ஊரின் மிகப் பெரிய பொருளாதாரச் செய்தி இதுதான். உள்ளூர் சேனலில் இது தலைப்புச் செய்தியாக வருவது அபூர்வம். அந்தச் சேனலின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் காரணம் புரியும். பட்டுக்கடைகள், தனியார் பள்ளிகள், மருத்துவமனைகள், நகைக்கடைகள், அரசியல் கட்சிக்காரர்களின் வாழ்த்து விளம்பரங்கள். கூலி உயர்வு கேட்டு நெசவாளர்கள் ஊர்வலம் போனால் படம் வரும். கூலியை யார் குறைக்கிறார்கள் என்ற பெயர் வராது. 1990-களில் பட்டுத்தறிகளில் குழந்தைத் தொழிலாளர் பிரச்சினை நாடு முழுக்கப் பேசப்பட்டபோதும், அதைத் துணிந்து எழுதியவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்கள். நாளை அதே தெருவில் நடக்க வேண்டியவர் எழுதுவது கடினம். குறை சொல்லும் எண்ணத்தில் இதை எழுதவில்லை. ஊர்ச் செய்திக்கு ஊர் வணிகர்களைத் தவிர வேறு வருவாய் இல்லாதவரை இந்த மௌனம் தீராது என்பதுதான் என் முடிவு.

வெளிநாட்டு அனுபவமும் இதையே காட்டுகிறது. பிரிட்டன் 2012 முதல் நகரங்களுக்கென உள்ளூர் தொலைக்காட்சி உரிமங்களைக் கொடுத்தது. லண்டன் போன்ற பெருநகரத்துக்கென வந்த சேனல்கூட 2025 ஜனவரியில் மூடப்பட்டது. அமெரிக்காவில் வேறு ஏற்பாடு: கேபிள் நிறுவனத்துக்கு உரிமம் தரும்போதே பொதுமக்களுக்கும் கல்விக்கும் உள்ளாட்சிக்கும் அலைவரிசை ஒதுக்கும்படி நகரங்கள் கேட்கலாம் என்று 1984-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. உள்ளூர்த் திரையை ஊரின் பொதுச் சொத்தாகக் கருதிய ஏற்பாடு அது. நம் சட்டத்துக்கு அந்த எண்ணம் வரவேயில்லை.

நம் சட்டம் என்ன நினைத்தது? 1995-ஆம் ஆண்டுக் கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் கேபிள்காரர் தலைமை அஞ்சலகத்தில் 500 ரூபாய் கட்டி, ஆண்டுதோறும் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஊருக்கே செய்தி சொல்லும் ஒருவரின் உரிமம் மணியார்டர் கவுன்டருக்குப் பக்கத்தில் பிறந்தது. நிகழ்ச்சி விதிகளை மீறினால் ஒளிபரப்பை நிறுத்தவும் கருவிகளைப் பறிமுதல் செய்யவும் ஆட்சியருக்கும் அவரைப் போன்ற அதிகாரிகளுக்கும் சட்டம் இடம் தருகிறது. அதே ஆட்சியர் அலுவலகத்தைப் பற்றித்தான் அந்தச் சேனல் தினமும் செய்தி சொல்ல வேண்டும்.

இத்தனை பலவீனம் இருந்தும் இந்தச் சிறு திரை ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு காரணம் போதும். இந்தியாவில் தனியார் பண்பலை வானொலி தன் சொந்தச் செய்தியைச் சொல்ல முடியாது, அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே தரலாம், அவ்வளவுதான். சமுதாய வானொலிக்கும் சொந்தச் செய்தி கிடையாது. தனியார் பண்பலைக்கு மணிக்குப் பத்து நிமிடம் செய்தி அனுமதிக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் பரிந்துரைத்ததே 2023-இல்தான். ஓர் ஊர் தன் செய்தியைத் தன் குரலில், வீட்டுக்குள் வந்து சொல்வதற்கு உள்ளூர் கேபிள் சேனல்தான் நெடுங்காலம் ஒரே வழியாக இருந்தது.

2006-இல் அண்ணா பிறந்தநாளில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் திரையைக் கொண்டுபோனது. 2007-இல் உருவாகி முடங்கிக் கிடந்த அரசு கேபிள் நிறுவனம், 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு மறுபடி கிளம்பியது. இவை உள்ளூர் சேனல்களுக்கு நல்ல காலம்போலத் தெரிந்தாலும், ஒயரின் ஆரம்ப முனை ஊரைவிட்டுப் போய்விட்டது. டிஜிட்டல் பெட்டி வந்தபின் அது இன்னும் உறுதியானது. முன்பு தன் கட்டுப்பாட்டு அறையில் ஒரு பொத்தானை அழுத்திச் செய்தி போட்ட கேபிள்காரர், இப்போது பெரிய விநியோக நிறுவனத்திடம் இடம் கேட்டு, கட்டணம் கட்டி, பெட்டியின் கடைசி எண்களில் ஒன்றைப் பெறுகிறார். பலர் யூடியூபுக்கும் முகநூலுக்கும் நகர்ந்தார்கள். 2019 ஆகஸ்டில், அத்திவரதர் வளாகத்தில் ஆட்சியர் ஒரு காவல் அதிகாரியைக் கடிந்துகொண்ட காணொளி கைப்பேசி வழியே மாநிலம் முழுக்கப் பரவியபோது, செய்தியை முதலில் தருவது யார் என்ற போட்டியில் நிலையங்கள் தோற்றுவிட்டன என்பது தெளிவானது.

இனி மூன்றாவது கேள்வி: சொன்னது இப்போது எங்கே இருக்கிறது?

2022 நவம்பர் 30 அன்று ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் கேபிள் நிறுவனங்களின் உள்ளூர் சேனல்களுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. சேனலுக்கு 1,000 ரூபாய் பதிவுக் கட்டணம். மொத்தச் சேனல் கொள்ளளவில் 5 விழுக்காட்டுக்கு மேல் இவை போகக் கூடாது. உள்ளூர்ச் செய்தி தர விரும்புவோர் கம்பெனியாகப் பதிந்திருக்க வேண்டும். ஒளிபரப்பிய எல்லாவற்றின் பதிவையும் 90 நாள் வைத்திருக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை நான் பலமுறை படித்துப் பார்த்தேன். புகார் வந்தால் சரிபார்க்க 90 நாள் போதும் என்பது அதன் நியாயம். 91-ஆம் நாள் என்ன ஆக வேண்டும் என்று அதில் ஒரு வரியும் இல்லை. சட்டத்தின் கண்ணில் உள்ளூர்ச் செய்தி குற்றத்துக்கான சான்றாக இருக்கலாம், வரலாற்றுக்கான சான்றாக இருக்க முடியாது.

விதி வருவதற்கு முன்னாலும் நிலைமை மோசம்தான். ஒளிநாடா விலை அதிகம் என்பதால் அதன் மேலேயே மறுபடி பதிவது நிலையங்கள் பலவற்றின் வழக்கம். தூர்தர்ஷனிலேயே அழிந்தவை ஏராளம். கேபிள்காரரின் வி.எச்.எஸ். நாடாக்கள் பூசணம் பிடித்தும், கணினியின் வன்தட்டுகள் பழுதாகியும் போயிருக்கும். ஆனால் அதே ஊரில் அச்சான ஒரு நான்கு பக்க நாளிதழுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 1954-ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டம் பின்னர் நாளிதழ்களுக்கும் விரிந்ததால், அதன் பிரதி சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும். திரையில் வந்த செய்திக்கு அப்படி ஒரு கன்னிமாரா இல்லை.

உலகில் வேறு இடங்களில் இருக்கிறது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்துக் காப்பீட்டு அதிகாரி பால் சிம்ப்சன், தேசியத் தொலைக்காட்சிகள் தங்கள் மாலைச் செய்தியை இரண்டு வாரத்தில் அழித்துவிடுகின்றன என்று அறிந்து திடுக்கிட்டார். அவரது முயற்சியால் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 1968 ஆகஸ்ட் 5 முதல் செய்திகளைப் பதிந்துவைக்கத் தொடங்கியது. சி.பி.எஸ். நிறுவனம் வழக்குப் போட்டது. பிறகு வந்த 1976 பதிப்புரிமைச் சட்டம் செய்தியைப் பதிந்து காக்கும் உரிமையை நூலகங்களுக்குத் தந்தது. பிரான்ஸ் 1992-இல் தொலைக்காட்சி ஒளிபரப்பையும் கட்டாய ஒப்படைப்புக்குள் கொண்டுவந்தது.

நடந்ததைப் பதிந்து காப்பது நம் ஊருக்கு அந்நிய எண்ணம் என்று யாரும் சொல்ல முடியாது. வைகுண்டப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றில் பல்லவர் வரலாறு வரிசையாகச் சிற்பங்களில் இருக்கிறது. அரசன் வாரிசின்றி இறந்தபோது காஞ்சியிலிருந்து ஒரு குழு பல்லவர் கிளைக்குடியின் இரணியவர்மனைத் தேடிப் போனதும், அவனது மூத்த மகன்கள் மறுத்ததும், 12 வயதுப் பையன் ‘நான் போகிறேன்’ என்று முன்வந்து நந்திவர்மனாக முடிசூடியதும் அங்கே இருக்கின்றன. படத்தோடு சேர்ந்து, என்ன நடக்கிறது என்று சொல்லும் எழுத்தும் பொறித்திருக்கிறார்கள். அதிகாரம் சொல்ல விரும்பிய பதிப்பு அது, உண்மைதான். ஆனால் சற்றுத் தள்ளி உத்திரமேரூரில், குடவோலைத் தேர்தலில் நிற்க யார் தகுதியானவர், கணக்குக் காட்டாதவர் ஏன் நிற்கக் கூடாது என்பதெல்லாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் கல்லில் ஏறியிருக்கின்றன. ஊராட்சிக் கூட்டத்தின் செய்தி அது. வரதராஜப் பெருமாள் கோயில் சுவர்களில் விளக்குக்கு ஆடு கொடுத்தவர் பெயர்கூட இருக்கிறது. அவற்றைப் படித்துத்தான் இந்த ஊரின் நிலவுடைமையையும் வணிகத்தையும் நெசவையும் எழுதினோம். 1995-க்கும் 2015-க்கும் இடையே காஞ்சிபுரத்தில் தறிகள் எப்படிக் குறைந்தன, பிள்ளைகள் ஏன் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள் என்று நாளை ஒருவர் எழுத உட்கார்ந்தால், அந்த மக்கள் தங்கள் வாயால் சொன்னது உள்ளூர் சேனலில்தான் பதிவாகியிருக்கும். 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று பெயர் மாறிய தூர்தர்ஷன் பொதிகையின் கிடங்கில் அது கிடைக்காது.

செலவு பெரிதில்லை. நாளுக்கு அரைமணி நேரம் என்றால் ஆண்டுக்கு 180 மணி நேரம் சொச்சம். சாதாரணத் தரத்தில் மணிக்கு ஒரு ஜிபி என்று வைத்தால் 200 ஜிபிக்குள் அடங்கும். கடையில் வாங்கும் ஒரு சிறு வன்தட்டில் ஐந்து ஆண்டுச் செய்தியை வைக்கலாம். தேதி, இடம், பேசியவர் ஊர் என்று ஒரு பட்டியல் சேர்த்தால் ஆய்வாளருக்குப் போதும். இதற்குப் புதிய அமைப்பு எதையும் உருவாக்க வேண்டியதில்லை. கேபிள் ஒளிபரப்பைக் கண்காணிக்க மாவட்டந்தோறும் ஒரு குழு இருக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு முன்பே உத்தரவிட்டிருக்கிறது. ஆட்சியர் தலைவர், காவல் கண்காணிப்பாளரும் மக்கள் தொடர்பு அலுவலரும் மாவட்டத்து மகளிர் கல்லூரி ஒன்றின் முதல்வரும் உறுப்பினர்கள். 91-ஆம் நாள் அழிய இருக்கும் பதிவை மாவட்ட மைய நூலகத்துக்கு அனுப்பச் சொல்லும் கடிதத்தில் கையெழுத்திட வேண்டியவர்கள் எல்லாரும் அந்தக் குழுவிலேயே இருக்கிறார்கள்.